‘ஜே’ அடித்த தண்டு

ஜெயச்சந்திரனுக்கு வெல்டிங் தெரியும் என்பது அவரே சொல்லித்தான் ஆரணி ஊருக்குத் தெரியும். அப்பா பட்டுக்குச் சாயம் போட்டவர். மகன் சாயப்பட்டறையை இடித்து வெல்டிங் பட்டறை வைத்தாரே தவிர, புத்தி இன்னும் சாயத்தொட்டியில்தான் கிடந்தது. உள்ளே ஊறினால்தான் சாயம் நிற்கும், அதனால் வெல்டிங்கும் ஊற வேண்டுமாம்! கேட்டுக் கேட்டு அமலாவுக்குக் காது புளித்துவிட்டது.

முள்ளிப்பட்டு அமலா ஒன்பது வருஷமாக அங்கே வெல்டர். தவிட்டெண்ணெய் மில்லில் தவிட்டை நெருக்கிப் பிழிந்தே தேய்ந்துபோகும் திருகுத் தண்டுகளின் மேல் கடினமான கம்பியை உருக்கித் தோல் போல ஏற்றுவாள். அடி இரும்பும் உருகி அதில் அதிகம் கலந்தால் தோல் கடினம் கெட்டு இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால் கம்பியை வெல்டிங் டார்ச்சுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் நீட்டிவிடுவாள். நெருப்பைத் தொடுமுன்பே கம்பி சூடேறிவிடும். கரண்ட் குறையும், அடி இரும்பு லேசாகத்தான் உருகும்.

“கம்பி ஏன் இவ்ளோ நீட்டிகினு இருக்குது? உள்ள வை, கரண்ட்ட ஏத்து. நல்லா எறங்கட்டும்!”

“எறங்குனா வீணாப்பூடும் சார்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

சொல்லித் தந்து ஏறுகிற மண்டையா அது! டார்ச்சைப் பிடுங்கி ஒரு தண்டை அவரே போட்டார். யார் வேலை என்று தெரிய முனையில் அச்சு வைத்து இங்கிலீஷ் எழுத்து அடிப்பது பட்டறை வழக்கம். அவளுக்கு ‘ஏ’, அவருக்கு ‘ஜே’. பெருமை தாங்காமல் ‘ஜே’யை இரண்டு முறை அடித்தார்.

பதினைந்தாம் நாள் மில் மேனேஜர் வெற்றிச்செல்வன் இரண்டு தண்டுகளோடு வந்தார்.

“ஒரே நாள்ல மாட்டுனது. ஒண்ணு புதுசாட்டம் இருக்குது, ஒண்ணு மழுங்கிப்பூட்ச்சு. ஏங்க இப்படி?”

முனைகளில் தவிட்டுக் கறுப்பு அப்பியிருந்தது. ஜெயச்சந்திரன் யோசிக்கவே இல்லை. “மழுங்குனது இந்தப் பொண்ணு வேலைங்க. இன்னியோட நிறுத்திடறேன்.”

ஒன்பது வருஷ வேலை ஒரு வாய்ச்சொல்லில் போகிறதா? அமலா அரத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“நீங்களே ராவிப் பாருங்க சார்.”

நல்ல தண்டில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மழுங்கியதில் கடித்துப் பொடியாகக் கொட்டியது. அமலா துணியால் முனையைத் துடைத்தாள். இரண்டு ‘ஜே’ பளிச்சென்று தெரிந்தன.

“இனிமே ‘ஏ’ அடிச்சது மட்டும் அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார்.

மறுநாள், தானே போட்ட இன்னொரு தண்டை வைத்துக்கொண்டு ஜெயச்சந்திரன் மேசையெல்லாம் துழாவினார். ‘ஏ’ அச்சு அமலாவின் சாப்பாட்டுப் பையில் இருந்தது.

“இன்னா சார் தேடறீங்க?” என்றாள். “‘ஜே’ அங்கதான இருக்குது!”