ஒரு தடம் தள்ளி

வேலாயுதத்தின் முகத்தைத் தொலைக்காட்சியில் யாரும் பார்த்ததில்லை. அவர் கைகளைப் பார்க்காதவர்கள் குறைவு. முப்பது வருடம் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர், இப்போது கார் விளம்பரங்களில் ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவை அவர் கைகள். சிரிப்பது யாரோ ஓர் அழகன். விளம்பரத்துச் சிங்கப்பூரில் மழை பெய்யாது, சாலைக் கட்டண ஈஆர்பி காசு பிடிக்காது, சிவப்பு விளக்கே எரியாது. வழியில் சைக்கிள் ஒன்று வந்தால், அதில் இருப்பவர் காரைக் கண்டு பூரித்துப்போய்க் கையசைப்பார். சாலையில் எல்லாரும் அங்காளி பங்காளிகள்தான், போங்கள்.

அன்று லிம் சூ காங் பக்கம் சாலையை மூடிப் படப்பிடிப்பு. கையசைக்க வந்தவர் சம்சுன்னிசா. ஐம்பத்தைந்து வயது, ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குபவர். கூடை வைத்த பழைய சைக்கிளில் அவர் வேலைக்குப் போவதைப் பார்த்து, இயக்குநர் ஜெய் பிடித்து வந்திருந்தான்.

“அங்கிள், க்ளோஸா பாஸ் பண்ணணும். அரை மீட்டர் கேப் போதும். அப்பதான் ஃபிரேம்ல ரெண்டும் சேர்ந்து தெரியும் லா.”

வேலாயுதம் அந்த அரை மீட்டரைக் கையால் அளந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒருவரையும் உரசியதில்லை. அந்த அம்மாள் ஒரு கணம் தடுமாறினாலும் போச்சு. மாட்டேன் என்றால் அடுத்த விளம்பரம் வேறு கைகளுக்குப் போய்விடும். ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்திப் பத்துத் தடவை ஓட்டிப் பழகினார். ஓரத்தில் ஆம்புலன்ஸ், முன்னால் சிவப்புக் கொடியோடு பாதுகாப்பு அதிகாரி.

பிறகு நிஜமாகவே போனார். இடது கண்ணாடிக்குப் பக்கத்தில் சைக்கிளின் கைப்பிடி நகர்ந்தது. கார் கிளப்பிய காற்றில் சம்சுன்னிசாவின் முக்காடு படபடத்தது. சக்கரம் மட்டும் கோடு போட்டாற்போல் நேரே போயிற்று.

“அடேயப்பா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் வேலாயுதம்.

“கட்! ஆன்ட்டி, கை எங்க? வேவ் பண்ணலையே!” என்றான் ஜெய்.

இரண்டாம் முறையும் அதே கோடு; கை மட்டும் எழவில்லை. ஜெய் தலையில் கைவைத்துக்கொண்டான். வேலாயுதம் இறங்கி அந்த அம்மாளிடம் போனார்.

“பயமா இருந்தா சொல்லுங்கம்மா. ரெண்டு பேருமா முடியாதுன்னு சொல்லிடலாம்.”

“அந்த ஆம்புலன்ஸ் யாருக்கு அண்ணே நிக்குது?”

“உங்களுக்குத்தான்.”

சம்சுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சிராங்கூன் ரோட்ல தினமும் இதைவிட ஒட்டித்தான் போறாங்க. ஆம்புலன்ஸா கூட வருது? இன்னிக்குத்தான் ஒரு மனுஷன் முன்னாடியே சொல்லிட்டுப் போறாரு. ஆனா வண்டி பக்கத்துல வந்தா கை தானா இறுகிடும் அண்ணே. எடுத்தா விழுந்துடுவேன்.”

கொடியும் ஆம்புலன்ஸும் ஒத்திகையும் இருந்தும் வேலாயுதத்துக்கு நாக்கு வறண்ட காரியத்தை, இந்த அம்மாள் தினமும் தனியாகச் செய்துவிட்டு, போய் வெங்காயம் நறுக்குகிறார்! தீமிதியில் பூக்குழி இறங்குகிறவர்களைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். டாக்சியில் தாம் இப்படி எத்தனை கைப்பிடிகளை ஒட்டிப் போயிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார். ஹார்ன் வேறு அடித்திருக்கிறார்.

மூன்றாம் முறை அவர் யாரையும் கேட்கவில்லை. சைக்கிளை நெருங்குமுன்பே வலப்பக்கத் தடத்துக்கு முழுசாக மாறிவிட்டார். “அங்கிள், எங்க போறீங்க!” என்று வாக்கிடாக்கியில் ஜெய் கத்தினான்.

வேலாயுதம் இடது கண்ணாடியைப் பார்த்தார். கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. கை எழுந்தது. பல் தெரியச் சிரித்தபடி சம்சுன்னிசா கையசைத்தார். ஜெய்யின் கத்தல் நின்றது; கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விளம்பரத்தில் வந்தது அதுதான். ஆனால் அன்று காரை நிறுத்திய பிறகும் வேலாயுதம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருட டாக்சியில் சைக்கிளில் போன ஒருவர்கூட அவருக்குக் கையசைத்ததில்லை. அசைக்க அவர் இடம் விட்டதே இல்லை.