சத்தமில்லாமல் முடிந்த பொம்மைப் படம்

எழுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெரு மொத்தத்துக்கும் ஒரே டிவிதான். அது பட்டுக்கடைக்காரர் வீட்டில் இருந்தது. ஞாயிறுதோறும் அதில் ஒரு பொம்மைப் படத் தொடர் வரும். அம்மாவைத் தொலைத்த கரடிக்குட்டி ஒன்று, வாரம் ஒரு மிருகத்திடம் போய் "மம்மி?" என்று கேட்கும். மற்ற இங்கிலீஷ் எங்களுக்கு மண்ணும் புரியாது. அந்த மிருகம் இல்லையென்று தலையாட்டினால், ஆறு வயதுத் தங்கை என் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவாள்.

எங்கள் அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம். தையில் அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரப்போகிறவரை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கரடிக்குட்டி கண்டுபுடிக்கட்டும், அப்புறம் நானும் கூப்புடறேன்" என்பாள் தங்கை.

தொடரின் கடைசி வாரம், தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பிணம் எடுக்கும்வரை தெருவில் தறிச்சத்தம் கேட்கக்கூடாது. டிவிக்கு என்ன வழக்கம் என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரர் வீட்டம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"சத்தம்தானேமா ஆவாது? படம் பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கட்டும்."

குமிழைத் திருகிச் சத்தத்தை அடைத்துவிட்டார்.

குட்டி ஒரு பெரிய கரடியிடம் போய் வாயைத் திறந்தது. பெரிய கரடியும் வாயசைத்தது. இரண்டும் சேர்ந்து நடந்தன. படம் முடிந்துவிட்டது.

"அக்கா, அது அம்மாதானே?"

"ஆமாண்டி. இல்லாங்காட்டி கூட்டிக்கினு போவுமா?"

"மம்மின்னு சொன்னத நீ கேட்டியா?"

செத்தவருக்கு மரியாதை என்றுதான் கடைக்காரர் வீட்டம்மா சத்தத்தை அடைத்தார். ஆனாலும் அவர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

தையில் சின்னம்மா வந்தார். தங்கமான மனுஷி. தங்கைக்குத் தலை பின்னுவார், காய்ச்சல் வந்தால் மடியிலேயே போட்டுக்கொள்வார். நான் சீக்கிரமே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். தங்கையோ "உங்களத்தான்", "இதப் பாருங்க" என்றே காலத்தை ஓட்டினாள். முதலில் பிடிவாதம், பிறகு கூச்சம், அப்புறம் அதுவே பழகிவிட்டது. நான் கூப்பிடும்போதெல்லாம் சின்னம்மாவின் கண் அவள் பக்கம் போகும். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

போன வருஷம் சின்னம்மா படுத்த படுக்கையானார். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய தங்கை அவர் காதருகே குனிந்து, "அம்மா" என்றாள்.

சின்னம்மா பதறிக் கண்ணைத் திறந்தார்.

"உங்கம்மா வந்துட்டாங்களா? உள்ள வரச் சொல்லுமா. நான் எழுந்துக்கறேன்."