நான் சீக்கு என்று சொன்ன பூனை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று நானே முடிவு செய்துகொண்டவன். குருவிகுளம் பக்கம் ஆடு மேய்த்துக் கிடந்த இந்தச் சங்கரசுப்பு இன்று சங்கரன்கோவிலில் மாடி வீட்டுக்காரன். எல்லாம் இந்த இரண்டு கை கொடுத்தது. ஆட்டை ஒரு தடவை தூக்கினால் எடை, வயது, வயிற்றில் எத்தனை குட்டி, அத்தனையும் சொல்லுவேன். நல்ல ஆடு தூக்கியதும் நாலு காலையும் உதறும். துவண்டு தொங்கினால் சீக்கு. நாற்பது வருஷத் தரகில் என் கை தப்பியதில்லை. சந்தையில் எனக்குப் பெயரே 'தராசு அண்ணாச்சி'.

போன சித்திரையில் மருமகள் யோகலட்சுமி ஒரு பூனை கொண்டுவந்தாள். அவள் ஆபீசில் வேலை பார்க்கும் கடையநல்லூர் ஜெய்னப் வளர்த்தது. உயர்ந்த சாதியாம். உடம்பெல்லாம் பால் நிறம். காதும் மூஞ்சியும் மட்டும் அடுப்பில் வாட்டி எடுத்த மாதிரி கருப்பு. கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டது போல முடி. பெயர் சுல்தான்.

அன்றைக்குப் பார்த்துப் போட்டித் தரகன் பேச்சிராஜ் என்னைச் சந்தையிலிருந்து பைக்கில் கொண்டுவிட வந்திருந்தான். என் கை என்றைக்குத் தப்பும் என்று இருபது வருஷமாகக் காத்திருப்பவன். அவன் பார்க்க, நான் சுல்தானைத் தூக்கினேன். உதறவில்லை. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நனைந்த துண்டு மாதிரி தொங்கியது.

"சீக்கு," என்றேன். "மூணு நாள் தாங்காது."

"மாமா! இப்பதான நல்லா தின்னுச்சு!"

"நான் சொன்னா சொன்னதுதாம்மா."

"மூணு நாள்தான அண்ணாச்சி?" என்றான் பேச்சிராஜ். "நான் எண்ணிக்கிடுதேன்."

முதல் நாள் சுல்தான் அவித்த கோழி தின்றது. இரண்டாம் நாள் என் வெள்ளைச் சட்டையில் படுத்து அதையும் முடிச்சட்டை ஆக்கியது. மூன்றாம் நாள் குளியலறை வரைக்கும் என் பின்னாலேயே வந்தது. தினமும் காலையில் பேச்சிராஜ் போன் போட்டு, சாவு வீட்டில் கேட்பது போலக் கேட்டான்: "அண்ணாச்சி, எப்ப எடுக்கீங்க?"

நாலாம் நாள் பூனையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

"சீக்கு இருக்கு, நல்லா தேடிப் பாருங்கம்மா," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஐயா, இது ராக்டால். தூக்கினா துணிப் பொம்மை கணக்கா துவளும். நம்பின ஆளுகிட்ட உடம்பை அப்படியே விட்டுரும்."

என் கையில் வந்த ஆடுகள் எல்லாம் ஏன் அப்படி உதறின என்று வருகிற வழியில் யோசித்தேன். ஆடு விவரமான பிராணி.

ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜ் சந்தை ஆட்கள் நாலு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, பொணம் சோபாவுல உக்காந்து டிவி பாக்கு?"

எனக்கு நாற்பது வருஷப் பெயர் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் குரலை விடவில்லை. "ஏலே, நீயும் தரகன்தான? தூக்கிப் பாத்துச் சொல்லு."

தூக்கினான். சுல்தான் அப்படியே துவண்டது. கண் பாதி மூடிக்கொண்டது. பேச்சிராஜுக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணாச்சி... செத்துட்டு! நான் ஒண்ணும் செய்யல, தூக்கத்தான் செஞ்சேன்!"

என் வீட்டுக்காரி கோமதித்தாய்க்கு விஷயம் தெரியும். இருந்தும் நெஞ்சில் கை வைத்து, "நல்லா இருந்த பிள்ளையக் கொன்னுட்டியே, பாவி!" என்று ஒரு குரல் எடுத்தாள். அவன் பூனையை மடியில் கிடத்தி வாயில் தண்ணீர் விட்டான். சுல்தான் தண்ணீரை நக்கிக் குடித்துக் கொட்டாவி விட்டது. பிறகு அவன் மடியிலேயே சுருண்டு தூங்கியது.

சந்தை ஆட்கள் சிரித்து முடிக்கவே கால் மணி ஆனது. நான் சீக்கு என்றேன்; பேச்சிராஜ் சாவு என்றான். உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தராசு அண்ணாச்சி தராசு அண்ணாச்சிதான்.

சுல்தான் இப்போது ஐந்தே முக்கால் கிலோ. மிஷினில் எல்லாம் வைத்துப் பார்க்கவில்லை.