ஆட்டுப்பட்டிக்கு மேலே ஒரு கேலக்ஸி

இது நடந்து மூணு வருஷம் இருக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம், வேடசந்தூரைத் தாண்டி அய்யலூர் பக்கமா போற ஒரு மண்ரோட்டோரம், தரிசுக்காட்டுல நடந்துச்சு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். திண்டுக்கல் டவுன்ல மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பண்ற கடை வச்சிருக்கேன். கல்யாணம் ஆகலை. ரெண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, அவங்க பிள்ளைகளுக்குத் தாய்மாமனா உக்காந்து காது குத்தி முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, எனக்கு நாப்பத்தஞ்சு தாண்டிருச்சு. அதுக்கு மேல எவன் பொண்ணு தருவான்? அம்மாவும் காலமான பிறகு வீட்ல நானும் டிவியும்தான். சாயங்காலம் கடையை அடைச்சிட்டு இட்லி பார்சல் வாங்கிட்டுப் போனா, மறுநாள் கடை திறக்கிற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. முதல் கஸ்டமர் வந்து கூப்பிடும்போது தொண்டை கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்.

அந்த நேரத்துலதான் யூடியூப் பார்த்துப் பார்த்து இந்த வானம் பாக்கிற கிறுக்கு பிடிச்சுது. ஆன்லைன்ல ஒரு பைனாகுலர் வாங்கினேன். மொட்டை மாடில நின்னு நிலாவைப் பாத்தேன், வியாழனைப் பாத்தேன். அதெல்லாம் லேசு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிதான் சிக்கவே மாட்டேன்னுடுச்சு. நாம இருக்கிற பால்வீதிக்கு வெளியே, அது தனியா இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம். அங்கேருந்து வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வந்து சேர இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆகுதாம். நல்ல இருட்டா இருந்தா வெறும் கண்ணுக்கே தெரியும்னு வீடியோல சொல்றாங்க. டவுன்ல ஏது இருட்டு? தெருவிளக்கை அணைச்சாலும் எதிர்த்த கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டு அணையாது. ஆனாலும் அதை ஒரு தடவையாவது பாத்தே தீரணும்னு ஒரு வைராக்கியம். உள்ளதைச் சொன்னா, எனக்குன்னு எதிர்பாக்கறதுக்கு அதைத் தவிர வேற எதுவும் இல்லை.

அன்னைக்கு அமாவாசையை ஒட்டின புதன்கிழமை. கடையைச் சீக்கிரமா அடைச்சிட்டு பைக்கை எடுத்துட்டேன். வெளிச்சமே இல்லாத இடமா தேடித் தேடிப் போய், அந்தத் தரிசுல நிறுத்தினேன். போற வர்றவங்க பாத்து என்ன ஏதுன்னு கேக்கக் கூடாதேன்னு பைக்கை ஒரு கருவேலம்புதருக்குப் பின்னாடி தள்ளி வச்சேன். மார்கழிப் பனிக்கு மங்கி குல்லா போட்டு, மேல ஒரு கறுப்பு மப்ளரும் சுத்திக்கிட்டேன். வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணு இருட்டுக்குப் பழகாதுன்னு, டார்ச்சுக்கு ஒரு ஜவுளிக்கடையோட சிவப்புப் பையைக் கத்தரிச்சு ஒட்டியிருந்தேன். எல்லாம் வீடியோல சொன்னபடிதான். புதருக்கு அந்தாண்ட ஆடு செருமுற சத்தம் கேட்டுச்சு. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

வடமேற்குல நாலு நட்சத்திரம் ஒரு பெரிய சதுரம் மாதிரி நிக்கும். அதோட மேல் மூலைலேருந்து ரெண்டு நட்சத்திரம் தாவி, அங்கேருந்து வலது பக்கம் இன்னும் ரெண்டு தாவணும். நான் தாவுறேன், தாவுறேன், ஒவ்வொரு தடவையும் எங்கியோ போய் நிக்கிறேன். கழுத்து வலி உயிர் போகுது. சரி, கிளம்பலாம்னு நினைச்சுக் கடைசியா ஒரு தடவை பாத்தேன். இருந்துச்சு. கண்ணாடில மூச்சு விட்டா ஒரு மங்கல் படியுமே, அவ்வளவுதான். ஆனா அது நகரலை, கலையலை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

உடனே யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. போனை எடுத்துக் குடும்ப குரூப்ல "பாத்துட்டேன்"னு அடிச்சேன். எதைன்னு கேப்பாங்க. சொன்னா ஒரு கட்டைவிரலை அனுப்புவாங்க. அடிச்சதை அழிச்சிட்டேன். அதுவரைக்கும் தனியா இருக்கோம்னு தெரியும்தான், ஆனா அந்த நிமிஷம் மாதிரி அது என்னை எப்பவும் அறைஞ்சதில்லை.

அந்தப் போன் வெளிச்சத்துலதான் மாட்டினேன். கையில கம்போட ரெண்டு பேர் பாய்ஞ்சு வந்து என் சட்டையைப் பிடிச்சாங்க. ஒருத்தர் பைக் சாவியை உருவிட்டார். மறுநாள் அய்யலூர் சந்தை. பொங்கல் நேரம் வேற, ஆட்டுக்கு நல்ல கிராக்கி. போன வாரம்தான் பக்கத்துப் பட்டியில பைக்ல வந்து வெள்ளாடு திருடிட்டுப் போயிருக்கானுங்க. அவனுங்களுக்காகக் காவல் இருந்திருக்காங்க. நான் குல்லா, சிவப்பு லைட்டு, ஒளிச்சு வச்ச பைக்கு சகிதமா பட்டிக்குப் பக்கத்துலயே போய் நின்னிருக்கேன். நட்சத்திரம் பாக்க வந்தேன்னு சொன்னா, சொல்ற எனக்கே நம்புற மாதிரி இல்லை.

அதுக்குள்ள பட்டிக்காரம்மா வந்துட்டாங்க. அறுபது வயசு இருக்கும். கம்போட நின்னது அவங்க மகனும் கொழுந்தனாரும். அடிக்கப் போன மகனை நிறுத்தி, என் குல்லாவைக் கழட்டச் சொன்னாங்க. அப்புறம் பைனாகுலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"இதை வச்சுப் பட்டியத்தான நோட்டம் விட்ட?"

"இல்லைங்கம்மா. மேல பாத்தேன்."

"மேல என்ன ஆடா மேயுது?"

நீங்களே பாருங்கம்மான்னு கெஞ்சினேன். பைக் சீட்டுல அவங்க முழங்கையை ஊன வச்சு, எங்கே பாக்கணும்னு சொல்லிக் கொடுத்தேன். அவங்களுக்கு ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியலை. தெரியலைன்னா எனக்கு அடி நிச்சயம். அப்புறம் மெதுவா, கஞ்சி சிந்துன மாதிரி என்னமோ வெளுப்பா இருக்குன்னாங்க. அதுதாம்மான்னு ஆரம்பிச்சவன், எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் மூச்சு விடாம கொட்டிட்டேன். எவ்வளவு பேசினேன்னு எனக்கே தெரியாது. கொழுந்தனாரும் வாங்கிப் பாத்தார். அவருக்கு ஒண்ணும் தெரியலை, ஆனா சாவியைக் கையில கொடுத்துட்டார்.

அந்தம்மா என்னையே பாத்துட்டிருந்தாங்க. "இதைப் பாக்கவா இம்புட்டு தூரம் ஒத்தையில வந்த? வீட்ல தேட மாட்டாகளா?"

"தேட ஆளில்லைங்கம்மா."

சாதாரணமாத்தான் சொன்னேன். ஆனா சொல்லும்போதே குரல் உடைஞ்சுடுச்சு. அப்புறம் பிடிச்சாங்க பாருங்க, வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. பாம்பு கிடக்கிற காடு, கேக்காம இவனுக ஒரு போடு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரே ஏச்சு. எனக்கு அதைக் கேக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. கடைசியா, மகன்கிட்ட சொல்லித் தன் நம்பரை என் போன்ல போட வச்சாங்க.

"வீடு போய்ச் சேந்ததும் மிஸ்டு கால் குடு. அது வந்தாத்தான் நான் படுப்பேன்."

அந்தக் குளிர்ல பைக்கை எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு ஞாபகமே இல்லை. வீட்டு வாசல்ல நின்னு, பூட்டைக் கூடத் திறக்காம நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் பண்ணணும்னு நினைச்சேன். அதுக்குள்ள எடுத்துட்டாங்க.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்மா."

"சரி, படு."

போனை வச்சிட்டாங்க. நான் அப்படியே வாசப்படியில உக்காந்து, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அதுக்கப்புறம் ஆண்ட்ரோமெடாவை எத்தனையோ தடவை பாத்தாச்சு, ஆனா அன்னைக்கு நான் பத்திரமா வீடு வந்து சேர்ந்தேனான்னு எனக்காக ஒரு உசுரு தூங்காம இருந்துச்சே, அதுதான் இன்னைக்கும் மனசுல நிக்குது.