டிரிப் சுவிட்சைக் கழற்றச் சொன்னது நான்தான்

சபையாரே, என் கணவருடைய கை வாஷிங் மெஷினில் ஒட்டிக்கொள்ள, வாய் திறந்தபடி, சத்தம் வராமல் அவர் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். கடந்த ஐப்பசி மழையில், ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. இன்று அவர் இந்த ஆலயத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் நன்றியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது பாதி சாட்சி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் கணவர் ஜஸ்டின், பள்ளிக்கூட ஆசிரியர். நான் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், பிறந்தநாள் என்று உங்களில் பலர் என்னிடம் வாங்கியிருக்கிறீர்கள்.

மழை தொடங்கியதிலிருந்து மீட்டர் பக்கத்தில் இருக்கிற டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. வீட்டில் எங்கேயாவது கரண்டு கசிந்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிற சுவிட்ச் அது. விழுந்தால் தூக்கி விடுவேன். சில நாள் நிற்கும், சில நாள் உடனே விழும். அந்த வாரம் கரண்டு அடுப்பில் பாதி வெந்த கேக் இரண்டு தடவை அமுங்கிப் போனது. மறுநாள் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எரிச்சலில் எலக்ட்ரீசியன் மணியைக் கூப்பிட்டேன்.

மணி எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது சும்மா விழாது. எங்கயோ கரண்டு கசியுது. ரெண்டு நாளு தாருங்க, ஒவ்வொண்ணாக் கழத்திப் பாத்துக் கண்டுபிடிச்சுத் தாறேன்."

எனக்கு ரெண்டு நாள் இல்லை என்றேன். அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு லைனை நேராகக் கொடுக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நான் விடவில்லை. கேக்கை முடித்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசியில் மனசில்லாமல் மாற்றிக் கொடுத்தார். போகும்போது, சாரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. மூன்று வாரம் ஆகியும் மணியைக் கூப்பிடவும் இல்லை. கரண்டு நிற்காமல் வந்தது. கேக் நன்றாக எழும்பி வந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பின்பக்க ஷெட்டில் தரையெல்லாம் ஈரம். அவர் செருப்பில்லாமல் துணி போடப் போனார். பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுக்கத்தான் கையை நீட்டினேன்.

"தொடாத பிள்ளே! மெயினை ஆஃப் பண்ணு!"

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நின்ற சுயம்பு அண்ணனின் குரல். பஸ் டிரைவர். நம் சபை இல்லை, அய்யாவழிக் குடும்பம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மதில் விஷயத்தில் ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அந்தக் குரல் வராவிட்டால் நானும் அவரோடு ஒட்டியிருப்பேன். வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார். மூச்சு இல்லை.

சுயம்பு அண்ணன் மதிலைத் தாண்டிக் குதித்திருந்தார். பணியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்களாம். என்னை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. அண்ணனுடைய நெற்றியில் இருந்த நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரமோ தெரியாது. என் கணவர் ஒரு தடவை இருமினார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லை, நாளை வரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். பிழைக்க வையும் என்று கேட்கும்போதெல்லாம் மணியின் முகம் முன்னால் வந்தது. இந்த வீட்டைக் காத்தருளும் என்று நாங்கள் தினமும் சாயங்கால ஜெபத்தில் சொல்லுவோம். காப்பதற்கென்று சுவரில் இருந்ததை நானே எடுத்துவிட்டு, அந்த மூன்று வாரமும் அதே ஜெபத்தைச் சொல்லியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொன்னேன். அவர் பிழைத்தால் அவரிடமும் சொல்வேன் என்றேன். பேரம் பேசவில்லை. சொல்லாமல் என்னால் இனி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் துடிப்பு சீராகிவிட்டது என்றார்கள். அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த ஞானஸ்நான கேக்கு நல்லா வந்துதா?"

கோபமா, கேலியா, மன்னிப்பா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போதுதான் நான் முதல் தடவையாக அழுதேன். அவர் மற்றக் கையால் என் தலையைத் தொட்டார்.

மணி மறுபடி வந்து பார்த்தபோது, மெஷினுக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. எர்த் ஒயரும் அறுந்து கிடந்தது. தரை ஈரமாகும்போதெல்லாம் அந்தச் சுவிட்ச் விழுந்து அதைத்தான் சொல்லியிருக்கிறது. மணி, தான் அன்று பிடிவாதமாக நின்றிருக்கணும் என்று வருந்தினார். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். ஒயரிங் முழுவதையும் மாற்றினார். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை நானே அழுத்திப் பார்க்கிறேன். மெஷின் பக்கத்தில் செருப்பில்லாமல் யாரும் போவதில்லை.

சுயம்பு அண்ணன் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனோம். அண்ணி காப்பி போட்டுத் தந்தார். மதிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் கணவருக்கு இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்காது. சாக்பீஸ் பிடிக்கக் கஷ்டப்படுகிறார். அதையும் சேர்த்தே நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து இறங்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது முதலில் மணியின் வாயிலிருந்து வந்தது, கேட்கவில்லை. பிறகு மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. அதைக் கேட்க வைத்தவர் கர்த்தர்.

உங்கள் வீட்டில் எதையாவது தொடும்போது சுரீர் என்றால் தள்ளிப் போடாதீர்கள். ஜெபியுங்கள், அன்றைக்கே ஆளையும் கூப்பிடுங்கள். வீட்டுக்காரரிடம் மறைத்து வைத்த காரியம் ஏதாவது இருந்தால், அதையும் ஆண்டவர் முன் கொண்டு வாருங்கள். நான் கொண்டுபோனேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.