கோமுகி இல்லாத குகை

நான் கெபி கட்டுகிறவன். மாதா சொரூபம் வைக்கிற சீமெந்துக் குகைக்கு எங்கள் வேதக்காரர் சொல்லும் பெயர் அது. சிலாபத்தில் இருந்து கற்பிட்டி வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற கெபிகளில் பாதி என் கைவேலை என்று ஒரு காலம் வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன். கம்பி வளைத்து, வலை அடித்து, சீமெந்துப் பாலில் தோய்த்த சாக்கைக் கசக்கிப் போர்த்தினால் பார்க்கிறவன் மலையைக் குடைந்தது என்றே நம்புவான். அந்தத் திமிர்தான் என்னை உடப்புப் பக்கத்தில் ஒரு சைவ ஊருக்குக் கொண்டுபோனது.

சண்டை முடிந்து, வெளிநாடு போன பிள்ளைகள் ஊருக்கு வந்துபோகத் தொடங்கிய காலம். கரையெல்லாம் கோயிலும் தேவாலயமும் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த ஊரின் பழைய அம்மன் குகை கடல் காற்றில் உதிர்ந்து விழுந்துவிட்டது. புதிதாகக் கட்ட ஸ்தபதி கிடைக்கவில்லை. கோயில் தலைவர் ஒரு சம்மாட்டியார், நாலைந்து வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். என் கெபி ஒன்றைப் பார்த்துவிட்டு அவரே என்னைத் தேடி வந்தார். அவருடைய மச்சானுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. கரைவலை இழுக்கிற இடத்துக்காக அவர்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் அந்த வருசம்தான் அடிபிடி நடந்திருந்தது.

"பாஸ், கதையைக் கேட்டுட்டுக் கம்பியத் தொடுங்கோ" என்று முதல் நாள் சம்மாட்டியார் சொன்னார். கட்டுவேலைக்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கதை இதுதான். அசுரனைக் கொன்ற கோபம் ஆறாமல் அம்மன் கடலில் இறங்க, கடல் கொதித்து மீனெல்லாம் செத்து மிதந்ததாம். கடல்காரர் அழுது விழுந்து கும்பிட்டார்களாம். "வெயில் படாத குகையில் என்னை வைத்து நாளும் தண்ணீர் வாருங்கள். என்னைத் தொட்ட தண்ணீர் ஒருவர் காலிலும் படாமல் கடலுக்குப் போகட்டும்" என்றாளாம் அம்மன். இந்த மணல் கரையில் மலைக்கு எங்கே போவது? கடலில் எடுத்த முருகைக்கல்லைக் குவித்து இருட்டாக ஒரு குகை கட்டினார்களாம் அந்தக் காலத்து ஆட்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, எத்தனை முழம் கம்பிவலை வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

குகை நன்றாகவே வந்தது. குனிந்துதான் நுழையவேண்டும், உள்ளே போனால் பகலிலும் கண் பழக நேரமெடுக்கும். மச்சான்கூட வந்து தடவிப் பார்த்துவிட்டு ஒரு பிழையும் சொல்லாமல் போனார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சிலை வைக்கிற நாள் காலை. வேறு ஊரில் இருந்து வந்த ஐயர் வாசலில் நின்றார். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். தூசி போகட்டும் என்று நான் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். அவ்வளவும் சுழன்று வந்து, வாசற்படியால் இறங்கி, என் கால் இரண்டையும் நனைத்துக்கொண்டு சனத்தின் பக்கம் ஓடியது.

"பாஸ், கோமுகி எங்க?" என்றார் ஐயர். "அபிஷேகத் தண்ணி வடக்குச் சுவரால எல்லோ வெளியில போகவேணும்?"

ஐயோ மாதாவே! கெபியின் தரையை முன்பக்கம் சரித்துத்தான் போடுவோம், மழை அடித்தால் வெளியே ஓடட்டும் என்று. இங்கேயும் கை தன்பாட்டில் அப்படியே போட்டிருந்தது. அம்மனைத் தொட்ட தண்ணீர் ஊரே மிதித்து நிற்கிற இடத்தில் வந்து விழும். சிலை ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அங்கே உளி வைக்க ஏலாது. நல்ல நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடந்தது.

தரையைப் பார்க்க நான் உள்ளே புகுந்தேன். சம்மாட்டியார் குனிந்து பின்னால் வந்தார். "என்ன பாஸ் இது?"

"நாங்க மாதாவுக்குத் தண்ணி வாக்கிறேல்லையே, ஐயா" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே மச்சான் கத்தத் தொடங்கியிருந்தார். "வேதக்காரனிட்டக் குடுக்காதீங்க எண்டு தலையால அடிச்சனே! வேணுமெண்டு செய்திருக்கிறான். அலவாங்கை எடுங்கடா, உடைச்சுத் தள்ளுவம்!" நாலைந்து பேர் உண்மையிலேயே எடுத்தார்கள். குகையை மட்டும் உடைத்துவிட்டுப் போகிற முகங்களாக அவை எனக்குத் தெரியவில்லை.

சம்மாட்டியார் வெளியே போய்க் கையை உயர்த்தினார்.

"பாஸ் கேட்டவர். கோமுகி வேண்டாம், விடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். பிழை என்ர."

சனம் அடங்கிப்போனது. ஒரு கிழவி மண்ணை அள்ளி அவர் முன்னால் வீசினாள். நான் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். முதலில் வேலையை முடிப்போம், பிறகு நான் கேட்கவேயில்லை என்ற உண்மையைச் சொல்லுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பீடத்தில் இருந்து வடக்குச் சுவர் வரைக்கும் தரையில் வாய்க்கால் வெட்டினேன். சுவர் லேசில் விடவில்லை, நான் கட்டின சுவர்தானே. உளி நழுவிப் பெருவிரல் கிழிந்தது. அந்த இரத்தம் தரையில் சிந்தினால் அதற்கும் ஒரு சண்டை வரும் என்று இடுப்பில் கட்டின சாரத்தில் துடைத்துத் துடைத்து அடித்தேன். கடைசியில் ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்தது. ஒரு குடம் ஊற்றினேன். தண்ணீர் வடக்கே திரும்பி, சுவரைத் தாண்டி, மணலில் கடல் பக்கமாக இறங்கியது.

நேரம் சரியாக இருந்தது. தர்ப்பை போட்டு முன்னுக்கு நிற்கிற உரிமை தலைவருக்கு. ஐயர் புல்லைப் பவித்திரமாக முறுக்கி அவருடைய மோதிர விரலில் ஏற்றப் போனார்.

"அம்மன்ர தண்ணிக்கு வழி வேண்டாமெண்ட ஆளுக்குத் தர்ப்பை எதுக்கு?" என்றார் மச்சான். பின்னால் நின்றவர்களும், "ஓம், அது சரிதான்" என்றார்கள்.

சம்மாட்டியார் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு பின்னுக்கு வந்து, ஆம்பிளைகளோடு ஒருவராக நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் எங்கே சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரோ என்னவோ. பயப்படத் தேவையே இருக்கவில்லை. அலவாங்கு பிடித்த கைகள் இன்னும் அங்கேதான் நின்றன. விரலைச் சாரத்துக்குள் பொத்திக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் நின்றேன். மச்சான் தன் விரலை நீட்டினார், ஐயர் தர்ப்பையைப் போட்டார்.