அறுபதுக்கு மேல் ஊளை

என் காரின் பின்பக்கம் ஊளையிடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். மலாக்காவில், செங் என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றில், சத்தத்தைக் கேட்டே எந்த மெஷினில் எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சொந்தக் காரில் மட்டும் காது அடைத்துப் போயிருந்தது.

காரை விற்றவன் என் மகளின் ஞானத்தகப்பன். நானும் அவனும் ஒரே எஸ்டேட்டில் பிறந்து, ஒரே மாதா கோயிலில் புதுநன்மை வாங்கியவர்கள். பிறகு அவன் சுங்கை ஊடாங்குக்குப் போனான், நான் செங்குக்கு வந்தேன். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவன்தான் கையில் ஏந்தி நின்றான். அப்படிப்பட்டவன் கொடுக்கிற காரை யாராவது குனிந்து அடியில் பார்ப்பார்களா? பார்த்தால் அது அவனை அவமானப்படுத்துவது என்று நினைத்தேன்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் அது. "மலாக்காவுல எந்த மலைய ஏறப் போறீங்க?" என்று மனைவி கிண்டலடித்தாள். மழைக்காலத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போகும் செம்மண் சாலையைக் காட்டி அவள் வாயை அடைத்தேன்.

வாங்கிய அன்றே காரை ஃபாதரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனோம். எங்கள் குடும்பங்களில், மந்திரிக்கும் வரை புது வண்டியில் பாட்டும் கிடையாது, அரட்டையும் கிடையாது, ஜெபமாலைதான். காரை விற்றவனே ஓட்டினான். பெரிய சாலையில் ஏறி வேகமெடுத்ததும் அவனே ஜெபமாலையை உரக்கத் தொடங்கினான். நாங்களும் சேர்ந்து முழங்கினோம். நான் வாங்கிய காரை நான் கேட்டுப் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த மனைவி, "என்னங்க, பின்னால யாரோ அழுவுற மாதிரி இருக்கு" என்றாள். அறுபதைத் தாண்டினால் ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"டயர் சத்தம்லா மச்சான். டயர மாத்து, போயிடும்."

மாற்றினேன். போகவில்லை. மறுபடி கேட்டபோது பேரிங்காக இருக்கும் என்றான். "பின்னால உள்ள டிஃப்ரன்ஷியலா இருக்குமோ?" என்றேன். சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் அந்த இரும்புக் குடத்துக்குள்தான் பல்சக்கரங்கள் இருக்கின்றன.

"அத மட்டும் தொடாத. போன மாசந்தான் நானே என் கையால ஆயில் மாத்துனேன். தொறந்தேன்னா சீல் போயிடும்."

"அவருக்குத் தெரியும்ங்க" என்றாள் மனைவி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவன சந்தேகப்படறதுக்கு நீ என்னையே சந்தேகப்படலாம்" என்று கத்தினேன். கார் கெட்டிருந்தால் சரி பண்ணிக்கொள்ளலாம். தெரிந்தே என் தலையில் கட்டியிருந்தான் என்றால்? என் மகள் அவனைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவள். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மனைவி ஓட்ட, நான் பின் சீட்டை மடக்கிவிட்டுக் காரின் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். பார்த்தவன் பிணம் ஏற்றிப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கு மாறினோம், சத்தம் மாறவில்லை. அப்படியானால் டயர் காரணமில்லை. ஆளில்லாத இடத்தில் வண்டியை இடதும் வலதுமாக வளைக்கச் சொன்னேன், அப்போதும் மாறவில்லை. பேரிங்காக இருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது குரல் மாறும். "ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடு" என்றேன். எடுத்தாள். ஊளை சட்டென்று இறங்கி உறுமலானது. மிதித்தாள். ஊளை ஏறியது. என் காதுக்கு நேர் கீழே, நட்டநடுவில். பல்சக்கரம் தின்றுபோயிருந்தது.

அப்போதும் அவனுக்காகவே வாதாடினேன். அவன் என்ன மெக்கானிக்கா, அவனுக்கு எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தெரிந்த பட்டறை ஒன்றில் காரைத் தூக்கி நிறுத்தி, டிஃப்ரன்ஷியலின் அடி நட்டை நானே கழற்றினேன். ஒரு மாதத்து ஆயில் தண்ணீர்போல ஓடிவர வேண்டும். ஒன்றும் வரவில்லை. குச்சியை விட்டுக் குத்தியதும் கருப்பாக, கூழ்போலச் சொத்தென்று விழுந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். மரத்தூள்.

தேய்ந்த பல்சக்கரத்தின் வாயை அடைக்கப் பழைய லாரிக்காரர்கள் செய்கிற வேலை அது. கெட்டி ஆயிலில் மரத்தூளைக் கலந்து ஊற்றினால் சில நாளைக்குச் சத்தம் அமுங்கும். விற்கிறவனுக்கு அந்தச் சில நாள் போதும். அமுங்காத மிச்சச் சத்தத்தை மறைக்கத்தான் ஜெபமாலையை அப்படி உரக்கச் சொன்னான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, மாதாவையுமா கூட்டுச் சேர்த்தாய்!

"யார்கிட்டண்ணே வாங்குனீங்க?" என்று பட்டறைக்காரர் கேட்டார். "தெரியாத ஆள்கிட்ட" என்றேன்.

அந்தக் கூழை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு நேராகச் சுங்கை ஊடாங்குக்குப் போனேன். வழியெல்லாம் கெட்ட வார்த்தைகளைத் தேடித் தேடி அடுக்கினேன். அவன் வீட்டு ஹாலில் பையை மேசைமேல் வைத்தேன். பார்த்தான். மறுப்பான், சத்தியம் பண்ணுவான் என்று காத்திருந்தேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"வெளியாளுக்கு வித்தா திரும்பி வந்து சண்டை போடுவான் மச்சான். நீ போடமாட்ட. அதான் உன்கிட்ட கொடுத்தேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் மனைவி தேத்தண்ணியோடு வந்து, "புள்ள எப்படிண்ணே இருக்கா? அவ பெரியப்பா தினமும் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

"நல்லா இருக்காம்மா" என்றேன். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவன் போட்ட கணக்கு துளியும் பிசகாமல், சண்டை போடாமல் எழுந்து வந்தேன்.